ரஹீமுன்னிசாவின் முட்டியும் ஒரு டஜன் நீச்சல் உடையும்

வண்ணாரப்பேட்டையில் அந்தத் தெருவில் ரஹீமுன்னிசாவைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவளுடைய வலது முட்டியைத் தெரியாதவர்கள் கிடையாது. மாடிப்படியில் அது போடும் நறநற சத்தத்தை வைத்தே கீழ்வீட்டு ஜெமிமா டீக்குப் பால் வைத்துவிடுவாள்.

சிரிப்பதற்கு அந்த முட்டி தெருவுக்குப் பொது. வலி மட்டும் அவளுடையது. இரண்டு வருஷமாக நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுகிறாள். அதற்கு அனுமதி உண்டு, பள்ளிவாசல் ஹஜ்ரத்தே சொல்லிவிட்டார். ஆனாலும் ஸஜ்தா செய்யும் நேரத்தில் நெற்றி தரையைத் தொடாமல் அந்தரத்தில் குனிந்து நிமிரும்போதெல்லாம் மனசு அடித்துக்கொள்ளும்.

நாற்காலியை வாங்கிவந்தவர் கணவர் கமாலுதீன். எம்.சி. ரோட்டில் நைட்டி மொத்த வியாபாரம். முப்பது வருஷமாக டஜன் டஜனாக வாங்கி டஜன் டஜனாக விற்றவருக்கு ஒன்று என்ற எண்ணே மறந்துபோயிருந்தது. ஒரு நாற்காலி கேட்டாள், அரை டஜன் வந்தது. ஒன்றில் அவள் தொழுதாள். மிச்சம் ஐந்தும் கூடத்து மூலையில் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி நின்றன.

போன வைகாசியில் எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "தண்ணிக்குள்ள நடங்கம்மா. நீச்சல் கத்துக்கங்க. நாலு மாசம் பாப்போம். கேக்கலைன்னா ஆபரேஷன் பண்ணி முட்டிய மாத்திடலாம்."

"மாத்துனா தரையில மண்டி போட்டுத் தொழலாமா டாக்டர்?"

"அத மட்டும் மறந்துடுங்க."

வீட்டுக்கு வந்ததும் மகள் நவ்ரீனைக் கூப்பிட்டாள். "போன எடுடி. நீச்சல் கொளம் எங்க கீதுன்னு பாரு."

"கொளம் எதுக்கு?" என்றார் கமாலுதீன். "காசிமேட்டுக்கு அந்தாண்ட அம்மாம் பெரிய கடல் கீதே."

"அந்தப் பாறாங்கல்லுல எறங்குனா இன்னொரு முட்டியும் பூடும். அப்பால நீங்கதான் என்னிய தூக்கிகினு போவணும்."

கமாலுதீன் மனைவியை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். கடல் பேச்சை அத்தோடு விட்டுவிட்டார்.

முதல் குளம் திருவொற்றியூர்ப் பக்கம். நவ்ரீனின் போன் அதற்கு நாலு நட்சத்திரம் கொடுத்திருந்தது. ஷேர் ஆட்டோவில் நசுங்கி, முட்டியைப் பிடித்துக்கொண்டு போய் எட்டிப் பார்த்தால், குளத்துக்குள் கிரிக்கெட் நடந்துகொண்டிருந்தது. ஆழமான கோடியில் செங்கல் அடுக்கி ஸ்டம்ப் வைத்திருந்தார்கள். பந்து மேலேறி வெளியே வந்தால் சிக்ஸர். "தண்ணி எப்ப வுடுவாங்க?" என்று கேட்டாள். மீசை நரைத்த விக்கெட் கீப்பர் பதறிப்போனார். "தண்ணி வுட்டா நாங்க எங்கம்மா ஆடுறது?" அவர் கவலை அவருக்கு.

இரண்டாவது, எண்ணூர் போகும் வழியில் ஒரு கம்பெனி குடியிருப்புக்குள் இருந்தது. கம்பி வேலி வழியாகத் தண்ணீர் நீலமாகத் தெரிந்தது. உள்ளே ஒரு காக்கா மட்டும் சாவகாசமாகக் குளித்துக்கொண்டிருந்தது. குடியிருப்புக்காரர்களுக்கு மட்டும்தான் என்றார் காவலாளி. "அந்தக் காக்கா எந்த பிளாக்?" என்று கேட்டாள் ரஹீமுன்னிசா. காவலாளிக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாவதற்கு ஊரின் தென்கோடி வரை போனார்கள். தண்ணீரும் இருந்தது, பெண்களுக்கென்று தனி நேரமும் இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் விண்ணப்பத்தை நீட்டினார்.

"நீச்சல் தெரியுமா?"

"தெரியாது. கத்துக்கத்தான் வந்தோம்."

"தெரிஞ்சவங்களத்தாம்மா உள்ள விடுவோம்."

"அப்ப எங்க கத்துக்கறது?"

"வேற கொளத்துல."

திரும்பி வரும்போது மெட்ரோவில் ரஹீமுன்னிசா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நவ்ரீன் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு மாசம் ஓடிவிட்டது, முட்டி இன்னும் குளியலறை வாளித் தண்ணீரைத் தாண்டவில்லை.

வீட்டில் ஒரு பெரிய பார்சல் காத்திருந்தது. கமாலுதீன் கத்தரிக்கோலோடு பெருமையாக நின்றார். பம்பாயிலிருந்து வரவழைத்தாராம்: தலையிலிருந்து கணுக்கால் வரை மூடும் நீச்சல் உடை. கிளிப்பச்சை நிறம், இடுப்பில் ஆரஞ்சுப் பட்டை. பிரிக்கப் பிரிக்க வந்துகொண்டே இருந்தது. மொத்தம் பன்னிரண்டு. எம்மில் மூன்று, எல்லில் மூன்று, எக்ஸெல்லில் மூன்று, டபுள் எக்ஸெல்லில் மூன்று.

"கொளமே கெடைக்கல, பன்னெண்டு டிரெஸ்ஸா? நான் ஒரு ஆளுதானங்க!"

"ஒண்ணு எவன் குடுப்பான்? சைஸ் செட்ட ஒடைக்க மாட்டான் அவன்."

"அதுல எனக்கு சேர்றதே மூணுதான். மீதிய இன்னா, முட்டிக்கு சுத்திக்கவா?"

அன்றிலிருந்து அவருக்குச் சோறு போட்டாள், பேச்சு மட்டும் போடவில்லை.

மூன்றாம் நாள் ஜெமிமா ஒரு துப்பு கொண்டுவந்தாள். நாசரேத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், கணவருக்குப் பாத்திரக்கடை. அவள் பிள்ளைகள் படிக்கும் தண்டையார்பேட்டைப் பள்ளிக்கூடத்தில் மூடுகூரை போட்ட குளம் இருந்தது. பயிற்சி கொடுப்பவள் ரெஜி என்ற பெண். மதியம் குளம் சும்மாதான் கிடக்கும். இருவரும் போய்ப் பார்த்தார்கள்.

"ஒருத்தருக்காகத் தொறக்க மாட்டாங்கக்கா," என்றாள் ரெஜி. "பத்துப் பேர் சேந்தா ரெண்டு மணிக்கு லேடீஸ் பேட்ச் வெக்கிறேன். நீச்சல் தெரியலைன்னாலும் பரவால்ல. திங்கக்கிழமைக்குள்ள ஆளக் காட்டுங்க."

அன்று வெள்ளிக்கிழமை. வெளியே வந்ததும் ரஹீமுன்னிசா உடைந்துபோனாள். "பத்துப் பேருக்கு நான் எங்கடி போவேன்?"

"நான் வாரேன் எக்கா. நம்ம தெருவுல கேட்டா வருவாளுவ. ஆனா தண்ணில எறங்க எவகிட்ட துணி இருக்கு? நைட்டியோட விட மாட்டாங்கல்லா?"

ரஹீமுன்னிசா நடுரோட்டில் நின்றுவிட்டாள். பின்னால் வந்த மீன்பாடி வண்டிக்காரர் ஏதோ சொன்னார். அது அச்சில் ஏறாது.

அன்று சாயங்காலமே பார்சலை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். ஆளைக் கேட்கவில்லை, அளவைக் கேட்டாள். "இன்னா சைஸு நீ? எல்லா? வா, உனக்கு ஒண்ணு கீது." ஏன், எதற்கு என்று யோசிப்பதற்குள் உடை கைக்கு வந்துவிட்டது. வந்த துணியைத் திருப்பிக் கொடுக்க வண்ணாரப்பேட்டையில் யாருக்கும் மனசு வராது. டபுள் எக்ஸெல் அரைமணி நேரத்தில் தீர்ந்தது, எக்ஸெல்லுக்குச் சின்னச் சண்டையே நடந்தது. எம் மட்டும்தான் போகவில்லை. கடைசியில் புதுசாகக் கல்யாணமாகி வந்த ஒருத்தி ஒன்று எடுத்துக்கொண்டாள். ஞாயிறு மதியம் எண்ணிப் பார்த்தால் சரியாகப் பத்துப் பேர்.

"பாத்தியா? செட்டா வாங்குனதாலதான்," என்றார் கமாலுதீன். அன்று அவருக்குச் சோற்றோடு பேச்சும், மேலே ஒரு துண்டு வஞ்சிரமும் கிடைத்தன.

முதல் நாள் ரெஜி திணறிப்போனாள். பத்தும் ஒரே கிளிப்பச்சை, முகம் மட்டும் வெளியே. யார் எவர் என்று தெரியாமல், "கடைசி பச்சை, கால ஒதறுங்க!" என்று கத்தினாள். தன்னைத்தான் சொல்கிறாள் என்று பத்துப் பேரும் உதறினார்கள். கரையில் நின்ற ரெஜி தலையோடு நனைந்தாள். ரஹீமுன்னிசா பயந்துபோய் ஜெமிமாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஆனால் மார்பளவு தண்ணீரில் நாலு அடி வைத்ததும் நின்றுவிட்டாள். வலிக்கவில்லை. உடம்புப் பாரத்தை யாரோ வாங்கிக்கொண்டதுபோல் இருந்தது. இரண்டு வருஷத்தில் முதல் தடவை.

மூன்று மாசம் ஒருநாள் விடாமல் போனாள். டாக்டர் படத்தைப் பார்த்தார், முட்டியை மடக்கிப் பார்த்தார். ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம் என்றார்.

வீட்டுக்கு வந்து கூடத்தில் விரிப்பைப் போட்டாள். தொழுகை நேரம் இன்னும் வரவில்லை. சும்மா பார்ப்போம் என்றுதான். சுவரைப் பிடித்து, இடது முட்டி, அப்புறம் வலது. அது பழைய பாட்டைக் கொஞ்சம் பாடியது. குனிந்தாள். நெற்றி தரையில் பட்டது.

கடையிலிருந்து சாப்பிட வந்த கமாலுதீன் அலறினார். "இன்னாச்சு? வுயுந்துட்டியா?"

"வுயல. நானா வெச்சேன்." குரல் விரிப்புக்குள்ளிருந்து அழுகையும் சிரிப்புமாக வந்தது. "எந்திரிக்கத்தான் வரல."

"தூக்கவா?"

"இருங்க. கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும்."

கமாலுதீன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சும்மா நிற்கத் தெரியாத மனிதர். ஜன்னலோரம் கிடந்த தொழுகை நாற்காலியைச் சத்தமில்லாமல் தூக்கிப்போய், மூலையில் இருந்த ஐந்தின்மேல் ஆறாவதாக அடுக்கினார்.