எட்டுச் சுற்றும் ஒரு செட் மாத்திரையும்

பள்ளி மைதானத்தை ஒரு முறை சுற்ற எனக்கு ஐந்நூற்று நாற்பது காலடி வேண்டும். என் சிநேகிதருக்கு நானூற்று எழுபது போதும். இருவருக்கும் வயது எழுபத்தொன்று. ஆம்பூரில் ஒரே தோல் கம்பெனியில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தோம். நான் தோலை அளந்து, சதுர அடியைப் பின்பக்கத்தில் எழுதுகிறவன். பாதி நாள் உட்கார்ந்துதான் இருப்பேன். அவர் பஃபிங் மெஷினில் நின்றபடியே தோல் தேய்த்தவர். நியாயப்படி முட்டி தேய்ந்திருக்க வேண்டியது அவருக்கு.

ஆனால் மூன்று சுற்றில் சிமெண்ட் படியில் உட்கார்ந்துவிடுகிறவன் நான். அவர் எட்டுச் சுற்று போவார். அதாவது, நான் உட்கார்ந்த பிறகு ஐந்து முறை என்னைக் கடந்து போவார்.

"இன்னாப்பா, வண்டி பஞ்சரா?" என்பார் ஒரு சுற்றில். அடுத்ததில், "காத்தடிக்க ஆள் அனுப்பட்டா?"

எனக்கு டாக்டர் கொடுத்தது வெறும் பாராசிட்டமால். அறுநூற்றைம்பது மில்லிகிராம், ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் கூடாது. வயிற்றைக் கெடுக்காது என்றார். வலி பத்தில் ஏழாக இருந்தால் ஐந்தாகும். அவ்வளவுதான்.

ஒரு நாள் காலையில் சிநேகிதர் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தபோது ஒரு சின்னக் காகிதக் கவர் கீழே விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். உள்ளே வெள்ளையாக ஒரு பெரிய மாத்திரை, ஒரு சின்ன மாத்திரை, ஒரு கேப்ஸ்யூல்.

"இது இன்னாது?"

"செட்டுப்பா. காலைல டிபன் துன்னுட்டு ஒண்ணு. மூணு வருஷமா."

"எந்த டாக்டர் குடுத்தாரு?"

"டாக்டர் எதுக்கு? மெடிக்கல்ல கேட்டா குடுக்கறாங்க."

எங்கள் பக்கத்தில் செட் என்றால் எல்லோருக்கும் தெரியும். ஷிப்ட் முடிந்து மெடிக்கல் ஷாப்பில் நின்று, "கைகால் வலி, ஒரு செட் குடுங்க" என்றால் அட்டையிலிருந்து ஒவ்வொன்றாக வெட்டிக் கவரில் போட்டுத் தருவார்கள். பெயர் இருக்காது. யாரும் கேட்பதும் இல்லை. நானும் கம்பெனி நாட்களில் ஜுரத்துக்கு வாங்கியிருக்கிறேன். முட்டிக்கு வாங்கலாம் என்றுதான் தோன்றவில்லை. மூன்று வருடமாக அதைத் தின்றுவிட்டு என்னைப் பஞ்சர் என்று சொல்லியிருக்கிறார் என்பதை நினைக்க நினைக்க வயிறு எரிந்தது.

அன்றைக்கே போய்ப் பதினொரு செட் வாங்கினேன்.

"இந்த கேப்ஸ்யூல் வயித்துக்கு, பெரியவரே. மொதல்ல இதப் போடுங்க," என்றார் கடைக்காரர்.

எனக்கு வயிற்றில் ஒன்றும் இல்லையே, முட்டியில்தானே வலி என்று கேப்ஸ்யூலை மட்டும் பிரித்து டப்பாவில் சேர்த்தேன். டாக்டர் கொடுத்த பாராசிட்டமாலையும் நிறுத்தவில்லை. அது வேறு, இது வேறு என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் ஆறு சுற்று போனேன். ஏழாம் நாள் ஒன்பது. சிநேகிதர் எட்டில் நின்று முகம் துடைத்துக்கொண்டிருந்தார். நான் அவரைக் கடந்து போனேன். வீட்டில் மனைவியிடம் ஒன்பது என்றேன்.

"யாரு தொரத்தறாங்க உங்கள?" என்றாள்.

பன்னிரண்டாம் நாள் காலையில் மலம் தார் போலக் கறுப்பாகப் போனது. ஒரு நாளைக்கு ஏழு முறை போகும் சிறுநீர் நான்காகக் குறைந்திருந்ததை அதற்கு முன்பே எண்ணி வைத்திருந்தேன். எண்ணினேனே தவிர, யாரிடமும் சொல்லவில்லை. குளியலறையில் தலை சுற்றிச் சுவரைப் பிடித்தேன். மகன் வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். நான்கு நாள் படுக்கை. இரைப்பையில் இரண்டு புண்.

நான் எழுதி வைத்திருந்த மாத்திரைக் கணக்கை வாங்கிப் பார்த்தார் டாக்டரம்மா. மகள் வயதுதான் இருக்கும். "எத்தனைன்னு கரெக்டா எழுதியிருக்கீங்க. உள்ள என்ன இருக்குன்னுதான் பாக்கல," என்றார்.

மகன் மெடிக்கலில் விசாரித்து வந்தான். வெள்ளை மாத்திரையில் டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்தோடு பாராசிட்டமாலும் கலந்திருந்ததாம். ஆக, பாராசிட்டமாலை இரண்டு பக்கமிருந்தும் தின்றிருக்கிறேன். அது அளவு மீறினால் ஈரலுக்கு ஆபத்து. சின்ன மாத்திரை ஸ்டீராய்டு. உடம்பில் தேய்ந்த இடத்தில் ஒரு ரசாயனம் ஊறி வீக்கத்தையும் வலியையும் உண்டாக்குகிறது; டைக்ளோஃபினாக் அதை ஊறவிடாமல் தடுக்கிறது. ஆனால் அதே ரசாயனம்தான் வயிற்றின் உள்தோலைக் காக்கிறது, சிறுநீரகத்துக்கு ரத்தம் போகவும் வழி விடுகிறது. தோல் ஊறும் டிரம் ஒன்று ஒழுகுகிறதென்று கம்பெனி முழுவதற்கும் தண்ணீரை நிறுத்துவது போல என்று நான் புரிந்துகொண்டேன். நான் டப்பாவில் ஒதுக்கிய பதினொரு கேப்ஸ்யூல்தான் வயிற்றுக்கு இருந்த ஒரே காவல்.

ஒரு மாதம் கழித்து மைதானத்துக்குப் போனேன். ஒரு சுற்று போய்ப் படியில் உட்கார்ந்தேன். சிநேகிதர் அதே எட்டு. கடந்து போகும்போது அவர் செருப்பைப் பார்த்தேன். நல்ல தோல் செருப்பு. வார் எப்போதும் மூன்றாவது ஓட்டையில் இருக்கும், எனக்குத் தெரியும். இப்போது முதல் ஓட்டையில் மாட்டியிருந்தும் இரண்டு பக்கமும் சதை பிதுங்கியது. முகமும் உப்பியிருந்தது.

நான்கு நாள் சொல்லவில்லை. சொன்னால், அவரைப் பார்த்து நானும் வாங்கித் தின்றதைச் சொல்ல வேண்டும். அது ஒரு காரணம். படட்டும் என்று நினைத்ததும் உண்டு. ஐந்தாம் நாள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"அந்த செட்ட எடுத்துக்கினு டாக்டர்கிட்ட போ."

"இன்னாத்துக்கு? நான் நடக்கறது உன் கண்ண உறுத்துதா?"

"உறுத்துது. அதான் நானும் வாங்கிப் போட்டேன்." ஆஸ்பத்திரித் தாளைக் காட்டினேன்.

படித்துவிட்டு, "யோவ், அந்த ஒம்போது சுத்து இதுலதானா?" என்று சிரித்தார்.

"உன் காலப் பாரு. வாரு மூணாவது ஓட்டைல இருந்துச்சு."

அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "வெயில்ல வீங்குதுன்னு நெனச்சேன்," என்றார். உடனே பையிலிருந்த கவரைத் தூக்கி எறியப் போனார்.

"எறியாத. சின்ன மாத்திரைய இத்தினி நாள் போட்டுட்டு டக்குனு நிறுத்தக் கூடாதாம். டாக்டர் சொல்ற மாதிரிதான் கொறைக்கணும்."

மறுநாள் ரத்தப் பரிசோதனைக்கு நானும் கூடப் போனேன். சிறுநீரகம் கெட்டால் ஏறும் கிரியாட்டினின் எனக்கு ஒன்று புள்ளி ஐந்து. பெஞ்சில் காத்திருக்கையில், அவருக்கு என்னைவிடக் கொஞ்சமாவது அதிகமாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். மூன்று வருடம் தின்றவருக்கு என்னைவிட நன்றாக இருந்தால் தாங்காது.

இரண்டு புள்ளி ஒன்று. தாளை வாங்கி இரண்டாக மடித்தேன். அவர் பிடுங்கிப் பிரித்தார்.

"உன்னுது எவ்ளோ?"

சொன்னேன்.

"இதுலயும் நான்தான் ஜாஸ்தியா," என்றார்.

டாக்டர் அறை மாடியில். இருபத்திரண்டு படி. எப்போதும் முன்னால் ஏறுகிறவர், அன்றைக்கு என் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார்.