நிற்கும் பாட்டில், படுத்த பாட்டில்

கடக்வாஸ்லா சாலையிலிருந்து எங்கள் தெரு பிரியும் முனையில் மல்லிகா அக்காவின் பியர் ஷாப்பி, அதாவது பியர் விற்கும் கடை, இருக்கிறது. கோயம்புத்தூரிலிருந்து இந்த மராத்தி ஊருக்கு வந்து கணவரோடு தொடங்கிய கடை. அவர் இறந்ததும் கொழுந்தன் பாலச்சந்திரன் லைசென்ஸைத் தன் பெயருக்குக் கேட்டார். அக்கா கொடுக்கவில்லை. எக்சைஸ் ஆபீஸுக்கு அலைந்து தன் பெயருக்கே மாற்றிக்கொண்டு, கல்லாவிலும் தானே உட்கார்ந்தார். தெரு அதை மன்னிக்கவில்லை.

மாலையில் கடை வாசலில் ஆண்கள் வழியை அடைத்து நிற்பார்கள். பெண்கள் எதிர்ப்பக்கம் போய் நடப்போம். இந்த வருடம் கடையை மூடவைப்பது என்று கிளம்பினோம். வார்டுப் பெண்களில் கால்வாசிப் பேர் கையெழுத்துப் போட்டால் ஓட்டெடுப்பு நடக்கும். அதில் பெண்களுக்கு மட்டும்தான் ஓட்டு. எங்கள் குடும்பத்தில் முதலில் டிகிரி முடித்தவள் நான், மராத்தியும் எழுதுவேன் என்று மனுவை என்னிடம் கொடுத்தார்கள். கடை போக வேண்டும் என்று விரும்பினேனா, என்னை ஒரு ஆளாக மதித்தது பிடித்திருந்ததா? இன்னும் தெரியவில்லை.

"மல்லிகா வீட்டுக்கு மட்டும் போகாதே" என்றார்கள். அவரும் இந்த வார்டுப் பெண்தானே என்று போனேன். படியேறும்போதே ஏன் வந்தோம் என்றிருந்தது.

"வா அம்மிணி. அதென்ன காயிதம்?"

சொன்னேன்.

"என் கடைய மூடறதுக்கு எங்கிட்டயே கையெழுத்தா?" சிரித்தார். "பேனாவக் குடு."

"வேண்டாங்கக்கா..."

"ஏன்? இத்தனை வருசமா முதுகுக்குப் பின்னால பேசறாங்க. அதக் கொண்டுபோய் ஓட்டுப் பெட்டில போடட்டும்."

கையெழுத்துப் போட்டுவிட்டார்.

கால்வாசிக் கையெழுத்து சேர்ந்ததும் ஓட்டெடுப்பு அறிவித்தார்கள். நிற்கும் பாட்டில் படத்தில் குத்தினால் கடை இருக்கும். படுத்த பாட்டிலில் குத்தினால் மூடும். ஆனால் மூடுவதற்கு வார்டின் மொத்தப் பெண்களில் பாதிக்கு மேல் படுத்த பாட்டிலில் குத்த வேண்டும். வராதவர்கள் எல்லாம் கடைக்குச் சாதகம்.

"பொம்பளைங்க வீட்டிலேயே இருந்தாப் போதும் அண்ணி, நாம ஜெயிச்சிரலாம்" என்றார் பாலச்சந்திரன், லைசென்ஸ் சண்டையை மறந்தவர்போல.

"ஒளிஞ்சு ஜெயிக்க நான் என்ன கள்ளச்சாராயமா விக்கறேன்? சர்க்கார் குடுத்த லைசென்ஸு!"

அக்கா வீடு வீடாகப் போனார். "எனக்குப் போடச் சொல்லலைங்க. வந்து போடுங்க, அவ்வளவுதான்."

ஸ்ரீரஞ்சனி மாமி கதவைப் பாதிதான் திறந்தார். "வந்தேன்னா படுத்த பாட்டில்லதான் குத்துவேன், சொல்லிட்டேன்."

"நல்லா அழுத்திக் குத்துங்க மாமி, மை தெளிவா விழோணும்."

ஓட்டுப் போடும் நாளில் வரிசையில் முதல் ஆள் அக்காதான். நான் முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். அக்காவைப் பிடித்திருந்தது. வாசல் கூட்டமும் பொய்யில்லை. படுத்த பாட்டிலில் குத்தினேன்.

வந்தவர்களில் பெரும்பாலோர் அதைத்தான் செய்திருந்தார்கள். ஆனாலும் மொத்தத்தில் பாதியை எட்டவில்லை. கடை தப்பியது.

மறுநாள் காலை அக்கா ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். நேரே போய்ச் சொன்னேன்: "நான் படுத்த பாட்டிலுக்குப் போட்டேங்கக்கா."

"போட்டுட்டீல்ல? அப்புறம் ஏன் தலையக் குனியற?" ஷட்டர் தடதடவென்று மேலே ஏறியது. "அடுத்த வாட்டியும் காயிதத்த எடுத்துட்டு மொதல்ல எங்கிட்டயே வா. அதுவரைக்கும் கடை தொறந்துதான் இருக்கும்."