ரப்பர் உடுப்பின் தாகம்

‘கருவிக் காப்பாளர். மிகக் கண்டிப்பானவர். அனுமதியின்றி அணுகலாகாது.’ ராயபுரத்துக் கொட்டகைக் கதவில் வெள்ளை எழுத்தில் இப்படி ஒரு பலகை. உள்ளே அந்தக் கண்டிப்பானவர், முக்குளிப்பவரின் ரப்பர் உடுப்பைத் தோளில் சாய்த்து முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கடலில் விழுந்த நங்கூரங்களை எடுத்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில், இந்த ஓர் உடுப்பைப் பேணுவதே தேசப்பனின் உத்தியோகம். கடலைக் கண்டால் அவருக்குத் தலை சுற்றும். அலை தெரியாமலிருக்க ஜன்னலில் கோணி தொங்கவிட்டிருந்தார்.

உடுப்பை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில், மூங்கிலில் கைகளை விரித்து மாட்டுவார். காற்று புகுந்ததும் தலையில்லாத அந்த ஆள் மெல்ல மார்பு விரிவான். எதிரே குந்தியிருக்கும் தேசப்பனுக்கும் பாதிக் கண் மூடிவிடும். கம்பெனிக் கணக்கு எழுதும் நான் எட்டிப் பார்த்தால் சொல்வார்: “சத்தம் போடாதீங்க சார். கனா கண்டுகினு கீறான். மலாய்க் காட்ல மழ பெய்யுது அவனுக்கு.”

ரப்பர் என்பது மலாய் நாட்டு மரத்தின் பாலைக் கந்தகத்தோடு காய்ச்சியது. அதனுள் அணுக்கள் நெடுஞ்சங்கிலியாகக் கைகோத்து நிற்பதாக ஜெர்மனியில் சிலர் சொல்கிறார்கள். அவரிடம் இதைச் சொல்லிவைத்தேன்.

“கை கோத்துகினு நிக்கிறானா? அப்போ உசுரு கீதுன்னு நீங்களே சொல்ட்டீங்க” என்றார். என் விஞ்ஞானம் அவர் கட்சிக்குச் சாட்சியாகிவிட்டது.

உயிர் இருந்தால் தாகமும் இருக்குமல்லவா? மணிக்கட்டுப் பட்டையில் வெடிப்பு கண்ட நாள் முதல், சனிக்கிழமைதோறும் தேங்காயெண்ணெய் தேய்த்தார். முக்குளிக்கும் லியாகத் அலிக்குச் சிரிப்பு தாங்காது.

“இன்னா நைனா, சீக்காவும் உண்டா? எங்கம்மாகூட எனக்கு இப்டி தேச்சதில்ல.”

“நீ வூட்டுக்குப் போற பாய். இவன் எங்க போவான்?”

எண்ணெய் ரப்பரை ஊதவைத்துக் குழைத்துவிடும். அது அவருக்குத் தெரியாது. சங்கிலி தெரிந்த எனக்கும் அப்போது தெரியாது.

போன வாரம் ஒரு சரக்குக் கப்பலின் நங்கூரம் அறுந்து விழுந்தது. படகுத்துறையில் உடுப்பை விரித்தபோது, மணிக்கட்டுப் பட்டை தேசப்பனின் விரலோடு பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. இழுத்தது இழுத்தபடியே நின்றது.

“வாணாம் மேஸ்திரி. நான்தான் எண்ண வெச்சிக் கெடுத்துட்டேன். கீழ போனா தண்ணி பூந்துடும். ஆளு வரமாட்டான்.”

மேஸ்திரி ரகுபதி காதில் போட்டுக்கொள்ளவில்லை. “தூக்கம் தெளியலியா? கப்பல் காத்துகினு கீது. உடுப்பு கெட்டுச்சின்னா உன் சீட்டு கிழிஞ்சிடும், பாத்துக்க. பாய், மாட்டு!”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல மேஸ்திரி. உடுப்பு நனையக் கூடாது நைனாவுக்கு. அதான்” என்று லியாகத் அலி கால் நுழைக்கக் குனிந்தார். துறையே சிரித்தது.

தேசப்பன் பக்கத்தில் கிடந்த கத்தியை எடுத்து, உடுப்பைக் கழுத்திலிருந்து முழங்கால்வரை கிழித்தார்.