மோசமான நெஞ்சுக்கு ஒரு டம்ளர் பால்

பூந்தமல்லியில் நாலாவது வரை படித்தேன் என்று சொல்லிக்கொள்வது வழக்கம். உண்மையில் நான் படித்தது சுண்டலுக்காகத்தான்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். பள்ளிக்கூடம் விட்ட பிறகு பையன்களை மைதானத்தில் ஓடவிட்டு, தண்டால் எடுக்கவைத்து, நெஞ்சைப் பலப்படுத்த மிஷன் பள்ளியில் ஓர் ஏற்பாடு இருந்தது. பட்டாளத்திலிருந்து திரும்பிய டிரில் வாத்தியார் நடத்துவார். முடிவில் ஆளுக்கு ஒரு கை வெந்த கடலை. சென்னீர்குப்பத்தில் எங்கள் வீட்டு அடுப்பு தினமும் எரியாது. அதனால் நான் ஒரு நாளும் டிரிலுக்குத் தவறியதில்லை.

ஒருமுறை டாக்டர் வந்து எல்லோருக்கும் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்க்கப்போவதாகச் சொன்னார்கள். நெஞ்சு பலமில்லாதவன் டிரிலுக்கு வரக்கூடாதாம். டிரில் இல்லையென்றால் கடலை ஏது? என் பயத்தைப் பார்த்து, பக்கத்தில் உட்காரும் பையன், மாதா கோயிலில் மணி அடிப்பவரின் மகன், தைரியம் சொன்னான்.

"பலமான நெஞ்சுன்னா டமாரம் மாரி அடிக்கணும் மச்சான். மெதுவா அடிச்சா, செத்துகினு கீறான்னு எழுதிடுவாரு."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. என் முறை வருவதற்குள் பின்பக்கமாக நழுவி, ஏரிக்கரை வரை ஓடிப்போய் ஓடிவந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். டாக்டர் குழாயை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். பிறகு வாத்தியாரைத் தனியே அழைத்துப் போனார்.

இரண்டு மாதம் நான் ஓடக்கூடாது என்று தீர்ப்பாயிற்று. என் உயிரே போனது. ஆனால் டாக்டர் நல்லவர். இந்தப் பையனைப் புளியமரத்து நிழலில் உட்காரவையுங்கள், கடலையோடு ஒரு டம்ளர் பாலும் கொடுங்கள் என்று எழுதிவைத்துப் போயிருந்தார்.

அவ்வளவு பேரும் வெயிலில் தண்டால் எடுக்க, நான் மரத்தடியில் காலை நீட்டிக்கொண்டு பால் குடித்தேன். இதை வாயை மூடிக்கொண்டு குடித்திருக்கலாம். மணிக்காரர் மகனிடம் மட்டும் ரகசியத்தைச் சொன்னேன். அவன் யாரிடமெல்லாம் சொன்னான் என்பது டாக்டர் அடுத்தமுறை வந்த அன்று தெரிந்தது. ஏரிக்கரையில் புழுதி பறக்க மொத்த வகுப்பும் ஓடிக்கொண்டிருந்தது.

முதல் பையனுக்குப் படபடப்பு. இரண்டாவது, மூன்றாவது, எட்டாவது பையனுக்கும் அதே. டாக்டர் குழாயை உதறிப் பார்த்தார். சந்தேகம் தீர வாத்தியாரின் நெஞ்சிலேயே வைத்துப் பார்த்தார். அது ஒழுங்காக அடித்தது. ஆகவே குழாயில் பழுதில்லை. இந்த டிரில்தான் பிள்ளைகளின் நெஞ்சைக் கெடுக்கிறது என்று தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு வண்டி ஏறினார்.

வாத்தியார் எங்களை வரிசையாக நிற்கவைத்தார். அவர் கையில் அன்று பிரம்பு இல்லை.

"இன்னா பண்ணீங்கடா? ஒருத்தனாவது சொல்லுங்க. நான் போய் டாக்டராண்ட பேசறேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அவருடைய பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சொன்னால் பால் போய்விடும் என்பது மட்டும்தான் அப்போது மண்டையில் இருந்தது. சொல்லாமல் இருந்ததில் பாலோடு கடலையும் போயிற்று.

மறுநாள் மணி அடித்ததும், இனி டிரில் கிடையாது, எல்லோரும் நேரே வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். நான் வீட்டுக்கும் போகவில்லை, அதன்பிறகு பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை. பெங்களூர் ரோட்டில் வைக்கோல் ஏற்றிப்போன ஒரு வண்டியின் பின்னால் தொற்றிக்கொண்டேன். வண்டிக்காரர் கட்டுச்சோறு வைத்திருந்தார்.