மேகத்துக்குள் பறக்கத் தேவையான தகுதிகள்

எல்கடுவ மலைக்குப் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் தேயிலைத் தோட்டத்து லொறி ஓட்டுபவர். வெள்ளைச் சட்டை, கிரீஸ் போகாத நகங்கள். மூடுபனிக்குள் பஸ் நுழைந்ததும் ஒவ்வொரு வளைவிலும் கண்ணை மூடிக்கொண்டார். நில அளவைப் படம் வரையும் எனக்குக் காரணம் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“நீங்களும் மூடுங்க மிஸ். பஸ் எந்தப் பக்கம் திரும்புது?”

“இடது பக்கம்.”

கண்ணைத் திறந்தால் பஸ் நேராகப் போய்க்கொண்டிருந்தது.

“உடம்பு பொய் சொல்லும். மேகத்துக்குள்ள மானியோட முள்ளத்தான் நம்பணும்.”

அவர் விமானம் ஓட்டப் படித்தவர். தெளிந்த வானத்தில் பறக்கும் உரிமம் முன்பே இருந்ததாம். மேகத்துக்குள் பறக்க வேறொன்று வேண்டும். என்னென்ன தேவை என்று கேட்டேன். வெளியே தெரியாதபடி முகத்துக்கு மறைப்பு மாட்டி, மானிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சி. எழுத்துப் பரீட்சை. வைத்தியச் சோதனை. விமானத்துக்கு மணிக்கணக்கில் வாடகை. வாடகைக்கு அப்பாவின் இரண்டு மாடும் அக்காவின் சங்கிலியும் போயின. எல்லாவற்றிலும் தேறியிருந்தார்.

“அப்புறம் ஏன் லொறி?”

“மேகத்து உரிமத்துக்குப் பிரஜாவுரிமை கேட்டாங்க. மொதல்ல எடுத்ததுக்கு யாரும் கேக்கல. தாத்தா பொறந்த சர்டிபிகேட் வேணுமாம். தோட்டத்து லய வீட்டுல பொறந்தவருக்கு யாருங்க எழுதி வச்சா? தோட்டத்து வரவுப் பதிவு, செக்ரோல காட்டினேன். அவரு வேலை செஞ்ச நாளெல்லாம் அதுல இருக்கு. பொறந்த நாள் மட்டும் இல்ல.”

சிரித்தபடி இறங்கிப் போனார்.

அன்று மாலை அந்தத் தகுதிகளை வரிசையாகக் குறிப்பேட்டில் எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே அதை அவர் பெற்ற வழியையும் எழுதினேன். கடைசித் தகுதியான பிரஜாவுரிமைக்கு எதிரே என்ன எழுதுவதென்று எனக்கு இன்றும் தெரியவில்லை.