பெயர் மாறாத பைக்

எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் சைக்கிள் ஷெட்டில் ஒரு பைக் நிற்கிறது. இல்லை... போன புதன்கிழமை வரை நின்றது.

மூன்று வருடமாக நின்றது. கறுப்பு நிறம். இரண்டு டயரிலும் காற்று இல்லை. இடதுபக்கக் கண்ணாடி இல்லை. சாவியும் இல்லை, ஹேண்டில் லாக் மட்டும் போட்டது போட்டபடி இருந்தது. சீட்டின் மேல் இந்த ஊருக்கே உரிய பழுப்புத் தூசி. அதில் யாரோ விரலால் ஒரு பூ வரைந்திருந்தார்கள்.

இன்னொன்றும் இருந்தது. ஹெட்லைட்டின் மேல் சந்தனம், குங்குமம். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் புதிதாக. அதனால்தான் எங்கள் வரிசையில் யாரும் அதைத் தொடவில்லை. வண்டிக்குச் சொந்தக்காரர் பக்கத்தில்தான் எங்கோ இருக்கிறார் என்று நினைத்தோம். பொட்டு வைத்த வண்டியை அநாதை என்று யார் சொல்வார்கள்?

ஏழுமலை சொன்னார்.

ஏழுமலை முத்தாண்டிக்குப்பத்துக்காரர். நாற்பது தாண்டிய வயது. நெய்வேலி நகரியத்தில் குழாய் வேலைக்கு கான்ட்ராக்ட் தொழிலாளியாக வந்துகொண்டிருந்தார். எங்கள் வீட்டு வாசல் குழாயின் குணம் என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அன்று குழாயை மூடிவிட்டு, கையைத் துடைத்தபடி ஷெட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"சார், அந்த வண்டி யாருதுங்க?"

"தெரியலையே."

"மூணு வருசமா பாத்துகினு இருக்கேன். ஒரு ஆளு வந்து எடுத்து நான் பாத்ததில்ல. இன்சின் நல்லா இருக்குதுங்க. கிக்கர அமுக்கிப் பாத்தேன், ஜாம் ஆவல."

அவருக்கு ஏன் திடீரென்று இந்த வண்டி மேல் கண்? காரணம் எளிது. அடுத்த மாதத்திலிருந்து அவரை மைன்ஸ் பக்கம் கன்வேயர் பெல்ட் சுத்தம் செய்யும் வேலைக்கு மாற்றியிருந்தார்கள். முதல் ஷிப்ட். காலை ஆறு மணிக்கு முன் கேட்டில் நிற்க வேண்டும். இதுவரை ஊர்க்காரர் ஒருவரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தார். அந்த நண்பர் மாதக் கடைசியில் திருப்பூருக்குக் குடிபோகிறார்.

"பஸ்ஸு எங்க ஊருக்கு வர்றதுக்குள்ள இங்க ஷிப்ட்டே பாதி ஓடிடும் சார். ரெண்டு தபா லேட்டானா, 'நீ நாளைலேருந்து வராத'ன்னு மேஸ்திரி சொல்லிடுவான்."

கையிருப்பு மகளை நர்சிங் சேர்த்ததில் கரைந்துவிட்டது. புது வண்டி இப்போதைக்கு இல்லை. இங்கே ஒரு வண்டி சும்மா நிற்கிறது.

எதிர்வீட்டுக்காரர் ஒருவர் சுலபமான யோசனை சொன்னார். "லாக்கை உடைச்சு ஓட்டிட்டுப் போப்பா. காலைல ஆறு மணிக்கு யார் பிடிக்கப் போறா?"

ஏழுமலை சிரித்தார். "உங்கள புடிச்சா பேப்பர் கேப்பாங்க சார். என்னியப் புடிச்சா எங்க திருடினன்னு கேப்பாங்க. எம் பேர்ல இருந்தா ஓட்டுறேன். இல்லாங்காட்டி சைக்கிளே போதும்."

நாற்பது வயது வரை தன் பெயரில் ரேஷன் கார்டு தவிர எதுவும் இல்லை என்றும் சேர்த்துக்கொண்டார். புகாராக இல்லை. தகவலாக.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும் — நாங்கள் இருக்கும் குவார்ட்டர்ஸ் என் மனைவியின் வேலைக்குக் கிடைத்தது. அதன் தாள்களில் நான் 'டிபெண்டென்ட்'. பெயர் இல்லாதவர்களின் நிலை எனக்குக் கொஞ்சம் புரியும். சரி, பார்க்கலாம் என்றேன்.

சாவியும் ஆர்.சி. புத்தகமும் இல்லாத ஒரு வண்டியை ஒருவர் பெயருக்கு மாற்ற என்ன வழி? ஒரு வாரம் விசாரித்தேன்.

முதலில் போலீஸ் ஸ்டேஷன். ரைட்டர் நம்பரைத் தட்டிப் பார்த்தார். திருட்டுப் பட்டியலில் இல்லை. "ஓனர் வந்தா ஒண்ணும் பிரச்சினை இல்ல சார். ஓனர் இல்லாம ஒண்ணும் முடியாது" என்றார். அடுத்து சாவி போடுகிறவர். "ஆர்.சி. காட்டுங்க, சாவி போடுறேன்." ஆர்.சி. தொலைந்திருந்தால் டூப்ளிகேட் வாங்கலாமாம். அதையும் ஓனர்தான் வாங்க வேண்டும். இன்ஷூரன்ஸ்? அதற்கும் ஆர்.சி. எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளே இருந்து ஒரே கேள்வி வந்தது: ஓனர் யார்?

அரசாங்கத்தின் வாகன ஆப்பில் நம்பரைப் போட்டேன். வண்டியின் வயது பன்னிரண்டு என்று வந்தது. ஓனர் பெயரும் வந்தது. ஆனால் முழுதாக அல்ல. ஆங்கிலத்தில் ஓர் எழுத்து, ஒரு நட்சத்திரம், ஓர் எழுத்து, ஒரு நட்சத்திரம். அந்தரங்கத்தைக் காப்பாற்றுகிறார்களாம்.

சி. நட்சத்திரம். ஈ. நட்சத்திரம். எல். நட்சத்திரம். டி. நட்சத்திரம். ஆர். நட்சத்திரம். ஐ.

இருபத்தைந்து வருடம் பத்திரிகை டெஸ்க்கில் மற்றவர்களின் எழுத்தைத் திருத்தியவன் நான். கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை. தாளை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு பரமேஸ்வரி மேடத்திடம் போனேன்.

பரமேஸ்வரி மேடம் டைம் ஆபீஸில் முப்பது வருடம் வருகைப் பதிவு பார்த்து ஓய்வு பெற்றவர். மகனோடு இருக்கிறார். ஷிப்ட் வாரியாக ஆயிரக்கணக்கான பெயர்கள் அவர் கண் வழியாகப் போயிருக்கின்றன. கண்ணாடியைக்கூடப் போடவில்லை.

"செல்லதுரை. கன்வேயர் ஆபரேட்டர். பதினாறாவது பிளாக்ல இருந்தார். ரிட்டயராகி ஊருக்குப் போய் ஒன்பது வருஷம் ஆச்சே, அவர் வண்டியா அது?"

"அப்ப வருஷா வருஷம் அதுக்குப் பொட்டு வைக்கிறது யாரு மேடம்?"

"நான்தான்."

"நீங்களா?"

"எங்க வீட்டு ஸ்கூட்டிக்கு வைக்கப் போவேன். பக்கத்துல ஒண்ணு நிக்குது. அதை மட்டும் விட்டுட்டு எப்படி சார் வர்றது?"

மூன்று வருடமாக நாங்கள் சொந்தக்காரரின் அடையாளம் என்று நம்பியது, ஓர் அம்மாளுக்கு மீந்துபோன சந்தனம்.

ரிட்டயர் ஆனவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவர் என் நம்பரோடு ஒரு வரி போட்டார். அரைமணி நேரத்தில் எனக்கு போன் வந்தது.

"செல்லதுரை பேசுதேன். தென்காசிப் பக்கத்துல இருந்து."

"வணக்கம் சார். நெய்வேலியில உங்க பைக்..."

"யாருக்கும் ஒண்ணும் ஆகலியே?"

எனக்குப் புரியவில்லை.

"வண்டி யாரையும் இடிச்சிருச்சா? உள்ளதச் சொல்லுங்க சார். உயிருக்கு ஒண்ணும் இல்லியே?"

வண்டி ஷெட்டில் மூன்று வருடமாகச் சும்மா நிற்கிறது, ஈ எறும்பைக்கூட இடிக்கவில்லை என்றேன். எதிர்முனையில் ஒரு நீண்ட மூச்சு. அவர் மனைவியிடம் சொல்வது கேட்டது: "ஏளா, வண்டி கெடைச்சிட்டு."

கதை இதுதான். ஊருக்குக் கிளம்பும்போது பைக்கை ஷிப்ட் நண்பர் ஒருவருக்கு விற்றார். பெயர் மாற்றும் பாரங்களில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். நண்பர் பெயர் மாற்றிக்கொள்வதாகச் சொன்னார். மாற்றவில்லை. மைத்துனருக்குக் கொடுத்தார். மைத்துனர் ஒரு சைட் சூப்பர்வைசருக்குக் கொடுத்தார். சூப்பர்வைசர் கான்ட்ராக்ட் முடிந்து வடக்கே போய்விட்டார். போகும்போது பைக்கை எங்கள் ஷெட்டில் விட்டுவிட்டார். (அவரையும் போனில் பிடித்தேன். "அது இன்னும் அங்கேயா இருக்கு? யாராவது எடுத்துக்கட்டும் சார்" என்றார்.) கைகள் மூன்று மாறின. ஆர்.சி. எந்தக் கையில் தொலைந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அரசாங்கத்தின் கணக்கில் மட்டும் அது செல்லதுரையைவிட்டு ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

"வண்டி ஓடுன வரைக்கும் சிதம்பரத்துல ஹெல்மெட் போடலன்னு மெசேஜ் வரும். கும்பகோணத்துல மூணு பேரு போனம்னு மெசேஜ் வரும். இந்த வயசுல நான் எங்க சார் ட்ரிபிள்ஸ் போக? அதுகூடப் பரவால்ல. பேப்பர்ல பைக் ஆக்சிடென்ட்னு வந்தா மொதல்ல நம்பரத்தான் தேடுவேன். ஒன்பது வருசமா."

விபத்துச் செய்தியில் நாங்கள் பெரும்பாலும் வண்டி நம்பர் போடுவதில்லை. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

நண்பரிடம் ஒரு தடவை கேட்டிருக்கலாமே என்றேன்.

"எப்படி சார் கேக்க? ஒரே ஷிப்ட்ல இருபது வருசம் ஒரே டப்பால சாப்பிட்டவன். 'பேர் மாத்திட்டியால'ன்னு கேட்டா, நம்பலன்னுல்லா ஆயிரும்."

எத்தனை வருட நெய்வேலி... பேச்சு மட்டும் தென்காசியை விட்டு வரவே இல்லை. ஆனால் அந்தக் கூச்சம் சுத்தமாக இந்த ஊருடையது. எல்லா மாவட்டத்திலிருந்தும் வந்து, சொந்தபந்தம் இல்லாத இடத்தில், ஷிப்டையே சொந்தமாக்கிக்கொண்டவர்களின் கூச்சம். சொந்தத்திடம் யார் ரசீது கேட்பது?

"நானே வாரேன். என் கண்ணு முன்னால பேரு மாறணும்" என்று போனை வைத்தார்.

இதை ஏழுமலையிடம் சொன்னேன். அவர் முகம் விழுந்துவிட்டது.

"அவ்ளோ தூரத்துலேருந்து வர்றாருன்னா சும்மாவா சார் வருவாரு? வண்டிய லாரில ஏத்திகினு போயிடுவாரு. இல்லன்னா ஒரு வெல சொல்லுவாரு."

இல்லை என்றேன். நம்பவில்லை. அதற்குள் மாதமும் முடிந்துவிட்டது. பின்சீட் போய்விட்டது. இருட்டோடு கிளம்பி, இரவல் சைக்கிளை மிதித்து, நான்கு நாள் ஷிப்டுக்கு வந்தார். ஐந்தாம் நாள் செயின் அறுந்தது. ஒரு லேட் விழுந்தது. இன்னும் ஒன்றுதான் பாக்கி.

ஆறாம் நாள் ஷிப்ட் முடிகிற நேரத்துக்குச் செல்லதுரை வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு மஞ்சள் பை. ஷெட்டுக்குப் போய் பைக்கை ஒரு சுற்று சுற்றினார். தொடவில்லை. ஹெட்லைட்டுக்கு எதிரே நின்று பொட்டைப் பார்த்தார். பிறகு, ஷெட்டுக்கு வெளியே பெல்ட் தூசியோடு கைகட்டி நின்ற ஏழுமலையிடம் திரும்பினார்.

"நீரா தம்பி வண்டி எடுக்கது?"

"ஆமாங்க."

"லைசென்ஸ் இருக்கா?"

"இருக்குதுங்க."

"ஹெல்மெட்டு?"

ஏழுமலை என்னைப் பார்த்தார். "வாங்கிடுறேங்க."

"எல்லாவனும் 'மாத்திடுறேன், வாங்கிடுறேன்'னுதான் சொல்லுதான். மொதல்ல வாங்கிட்டு வாரும். அப்புறம்தான் கையெழுத்து."

அவ்வளவுதான். விலை பேசவில்லை. லாரி வரவில்லை. ஏழுமலை என் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார். முக்கால் மணி நேரத்தில், தலையில் ஹெல்மெட்டோடு சைக்கிளை மிதித்துக்கொண்டு திரும்பி வந்தார். பரமேஸ்வரி மேடம் வாசலுக்கு வந்து சிரித்தார்.

செல்லதுரை மஞ்சள் பைக்குள் கைவிட்டு ஒரு பழைய கம்பெனி அடையாள அட்டையை எடுத்தார். அதில் ரப்பர் பேண்டு போட்டு ஒரு சாவி.

"ரெண்டாவது சாவி. விக்கும்போது குடுக்க மறந்துட்டேன். அப்புறம் தூரப் போடவும் மனசு வரல. சாவியப் போட்டுட்டா, பேரு மட்டும் நம்மகிட்ட இருக்குமே."

பூட்டு முதலில் அசையவில்லை. பரமேஸ்வரி மேடம் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்தார். நாலு சொட்டு. கொஞ்சம் பொறுமை. 'டக்' என்று ஹேண்டில் நேரானது. ஏழுமலை டயருக்குக் காற்று அடிப்பதற்கு முன் வண்டியின் கழுத்தைத் துடைத்து, சேஸிஸ் நம்பரின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து, பாரத்தில் ஒட்ட அச்சு எடுத்தார். கேட்காமலேயே. யாரிடமோ விசாரித்து வைத்திருக்கிறார்.

மற்றதெல்லாம் வரிசை எண்கள் கொண்ட பாரங்கள். தொலைந்த ஆர்.சி.க்கு ஆன்லைன் புகார், டூப்ளிகேட், இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, இருவர் கையெழுத்து, செல்லதுரையின் போனுக்கு ஓ.டி.பி. ஓனர் இருந்தால் ஒன்றும் பிரச்சினை இல்லை என்று ரைட்டர் சொன்னது சரிதான். நாள்தான் கொஞ்சம் பிடித்தது. அந்த நாட்களில் ஏழுமலைக்கு பரமேஸ்வரி மேடத்தின் மகன் தன் ஸ்கூட்டியைக் கொடுத்தார். இரண்டாவது லேட் விழவில்லை.

செல்லதுரை ஊருக்குப் போக மறுத்துவிட்டார். பெயர் மாறியதைப் பார்த்துவிட்டுத்தான் போவாராம். தங்கியது எங்கே தெரியுமா? குள்ளஞ்சாவடியில் வீடு கட்டியிருக்கும் அந்த ஷிப்ட் நண்பரின் வீட்டில்! கோபம் இல்லையா சார் என்றேன்.

"கோவமா? அவன் வீட்டுல தெனமும் மூணு வேளை உக்காந்து சாப்பிடுதேன். அவனுக்கே ஒறைக்கும்."

போன புதன்கிழமை காலை ஆப்பைத் திறந்தோம். ஈ, நட்சத்திரம், எச், நட்சத்திரம்... பெயர் மாறியிருந்தது. செல்லதுரை என் போனை வாங்கி, தள்ளிப் பிடித்து, இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இனிமே நிம்மதியா பேப்பர் படிக்கலாம்" என்றார். மத்தியானம் பஸ் ஏறிவிட்டார்.

ஏழுமலை ஷிப்ட் முடிந்து வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"என்ன சார் இது... இத்தினி வருசம் கழிச்சி எம் பேர ஒரு எடத்துல போட்டாங்க. அதுலயும் பாதிய மறச்சிட்டாங்களே!"

கார்டு தபாலில் வரும், அதில் முழுப் பெயர் இருக்கும் என்றேன். "வரட்டுங்க" என்று சொல்லி ஹெல்மெட்டை மாட்டினார். வண்டி மூன்றாவது உதையில் கிளம்பியது. ஷெட்டில் எண்ணெய்க் கறை மட்டும் இருக்கிறது. இந்த வருடம் பரமேஸ்வரி மேடத்துக்கு ஒரு பொட்டு மிச்சம்.

விற்றுவிட்டோம், கொடுத்துவிட்டோம், முடிந்துவிட்டது என்று நாம் நினைக்கிறவற்றில் எத்தனை இன்னும் நம் பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கின்றனவோ...

இப்படி ஒரு வரியை எழுதி, பத்தியை முடித்துவிட்டதாக நினைத்தேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது. திருச்சியில் வேலை பார்த்தபோது எனக்கும் ஒரு ஸ்கூட்டர் இருந்தது. ஊர் மாறும்போது டெஸ்க்கில் பக்கத்து நாற்காலி நண்பருக்குக் கொடுத்தேன். பாரங்களில் கையெழுத்து போட்டேன். பெயர் மாற்றினாரா என்று கேட்கவில்லை. எப்படிக் கேட்பது?

நம்பர் மறக்கவில்லை. ஆப்பில் தட்டினேன்.

இந்த முறை நட்சத்திரங்களை நிரப்ப, பரமேஸ்வரி மேடம் தேவைப்படவில்லை.