கருப்பாத்தாள் பொய்யாக ஆடிய வெள்ளிக்கிழமை

காங்கேயம் பக்கத்தில் ஒரு கொப்பரைக் களத்தில் தேங்காய் உடைத்துக் காயப்போடுவது கருப்பாத்தாளின் வேலை. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் மத்தியானமே கிளம்பிவிடுவார். ஊர் மாகாளியம்மன் கோயிலில் அன்று அவர்மேல் சாமி வரும். இருபத்தாறு வருடத்தில் ஒரே ஒரு வெள்ளிதான் வராமல் இருந்தது. சாமி என்ன பேசியது என்பது அவருக்கு நினைவிருக்காது. வீட்டுக்குப் போகும் வழியில் கணவர் சென்னிமலை சொல்லித்தான் தெரிந்துகொள்வார்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வெள்ளியன்று சுந்தரராஜுலு தன் தம்பி மகள் ஹாரிகாவை அங்கே கூட்டிவந்தார். ஒன்பது வயது. தகப்பன் இல்லை. அவள் தடவிக்கொடுத்த கன்று மூன்றாம் நாள் செத்துப்போனது. அதற்கு முன் அவள் எட்டிப் பார்த்த கிணற்றில் மோட்டார் புகைந்திருந்தது. பிள்ளைக்குள் யாரோ சூனியத்தை இறக்கிவிட்டார்கள் என்று ஊர் பேசியது. ஆத்தா ஆமாம் என்றால் மறுநாளே ஒரு மந்திரவாதி வந்து சூடு வைத்து அதை எடுப்பதாக ஏற்பாடு.

பம்பை அடித்தார்கள். கருப்பாத்தாள் கண்ணை மூடி நின்றார். ஒன்றும் வரவில்லை. கண்ணைத் திறந்தபோது எதிரே ஹாரிகா இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டு நின்றாள். எதையும் தொடக் கூடாது என்று வீட்டில் சொல்லியிருந்தார்களாம்.

கருப்பாத்தாள் கூந்தலை அவிழ்த்துவிட்டு ஆட ஆரம்பித்தார்.

“கன்னுக்கு அம்மை ஊசி போட்டியாடா?”

மாட்டு டாக்டர் வந்த அன்று தான் ஈரோட்டுக்குப் போய்விட்டதாகச் சுந்தரராஜுலு சொன்னார்.

“இவ என்ற புள்ளை. இவ கையால துண்ணூறு வாங்கிப் பூசிக்கோ. இனி வெள்ளிக்கு வெள்ளி இவதான் குடுக்கோணும்.”

ஹாரிகாவின் கைகளை வெளியே எடுக்கவே சிறிது நேரம் ஆனது. பெரியப்பா முதலில் குனிந்தார். மற்றவர்கள் பின்னால் வரிசையில் நின்றார்கள். மந்திரவாதியை வர வேண்டாம் என்று சுந்தரராஜுலு அங்கிருந்தே போனில் சொன்னார்.

வழியில் சென்னிமலை வழக்கம்போல, ஆத்தா இன்றைக்கு என்ன சொன்னாள் என்று தொடங்கினார்.

“தெரியுமுங்க,” என்றார் கருப்பாத்தாள்.



அந்த வாரம் முழுக்கக் கருப்பாத்தாள் காலையில் எழுந்ததும் கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தார். சாமி பேரில் பொய் சொன்னால் நாக்கு அழுகிவிடும் என்பார்கள். அழுகவில்லை. இனி சாமி வராது என்று தேங்காய் உடைக்கும்போதெல்லாம் தோன்றியது.

அடுத்த வெள்ளி, பம்பையில் முதல் அடி விழுந்ததுமே சாமி வந்துவிட்டது. திரும்பும்போது கேட்டார்:

“ஏனுங்க, என்னையப் பத்தி ஆத்தா ஏதாச்சும் சொன்னாளுங்களா?”

“ஒண்ணுமில்லியே. ஒருத்தருகிட்டத் தெக்கால போர்வெல் போடாதீன்னா. அவ்வளவுதான்.”

மன்னித்துவிட்டாளா, கவனிக்கவே இல்லையா என்று கருப்பாத்தாளுக்கு இன்றுவரை தெரியாது. ஹாரிகா இப்போது ஆறாம் வகுப்பு. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட பஸ் தாமதமானால் கோயிலில் திருநீற்றுக்கு வரிசை காத்துக்கொண்டு நிற்கிறது.